டயரா, கதவு ரப்பரா, பியூட்டைல் ஷீட்டா? காருக்குள் வரும் சாலைச் சத்தத்தைக் குறைக்க எதில் முதலில் கை வைப்பது

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து கிளம்பி ஜாலான் டூத்தா டோல் வரை அம்மாவோடு பேச்சு நன்றாகப் போகும். அவர் பின் சீட்டில், நான் ஸ்டீயரிங்கில். டோலைத் தாண்டி வண்டி 100-ஐத் தொட்டதும் பேச்சு அறுந்துவிடும். சுங்கை பட்டாணிக்கு அதன்பிறகு சுமார் 350 கிலோமீட்டர் இருக்கும். அம்மா காதுக்கருவி போட்டிருக்கிறார். கருவி என் குரலை மட்டும் தேடி எடுத்துக் கொடுப்பதில்லை. டயர் இரைச்சலையும் சேர்த்தே காதில் கொட்டுகிறது. ரவாங் தாண்டுவதற்குள் கருவியைக் கழற்றிக் கைப்பையில் வைத்துவிடுவார். பிறகு நான்கு மணி நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவார்.

அதனால்தான் இந்த வேலையில் இறங்கினேன். என் கார் 2018-ஆம் ஆண்டு பெரோடுவா மைவி. கடந்த ஒன்றரை ஆண்டில் டயர் மாற்றினேன், கதவுகளைப் பிரித்தேன், பூட் (பின்னால் சாமான் வைக்கும் பகுதி), தரை இரண்டையும் பிரித்தேன். இதைக் கேள்விப்பட்ட நண்பர்களும் உறவினர்களும் கேட்பது ஒரே கேள்விதான்: “கையில் ஐந்நூறு வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது, எதைச் செய்யலாம்? ஆயிரம் இருந்தால் எதை?” இன்னும் சிலர் கேட்காமலே நான்கு கதவுக்கும் பியூட்டைல் ஷீட் (தகட்டில் ஒட்டும் பிசுபிசுப்பான ரப்பர் தாள்) ஒட்டிவிட்டு, “ஒன்றும் மாறவில்லையே” என்று வருத்தத்தோடு வருகிறார்கள். அவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

## பணத்தை எடுப்பதற்கு முன்: எந்தச் சத்தம்?

கடைக்காரர்கள் எல்லாவற்றையும் ‘சவுண்ட் புரூஃப்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள். ஆனால் காருக்குள் கேட்பது ஒரே சத்தம் அல்ல.

டயர் சாலையில் உருளும் அதிர்வு, சஸ்பென்ஷன் வழியாக உடலுக்கு ஏறி, தரைத் தகட்டையும் சக்கர வளைவையும் (சக்கரத்துக்கு மேல் கவிந்திருக்கும் தகடு) ஆட்டுகிறது. “ஊம்” என்று அடிவயிற்றில் கேட்கும் உறுமல் இது. பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும். அதே டயரின் கோடுகள் காற்றை அடித்து எழுப்பும் இரைச்சல் வேறு. அது 1,000 ஹெர்ட்ஸை ஒட்டி உச்சத்துக்குப் போகும். காற்று வழியாக வந்து மெல்லிய தகடு, இடுக்கு, கண்ணாடி எல்லாவற்றின் ஊடாகவும் உள்ளே நுழையும். மூன்றாவது, 100-க்கு மேல் வேகம் போகும்போது கண்ணாடி ஓரத்திலும் பக்கக் கண்ணாடியிலும் கிளம்பும் காற்றுச் சத்தம். என்ஜின் நான்காவது.

இவற்றுக்கு மருந்து தனித்தனி. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை, சாலை காலியாக இருக்கும்போது, ஏர்கோன் விசிறியை ஒன்றில் வைத்து, வானொலியை நிறுத்திவிட்டு ஒரு சுற்று போய் வாருங்கள். கவனிக்க வேண்டியவை இவை:

- தார் மாறும் இடத்தில் சத்தமும் சட்டென்று மாறுகிறதா? சிமெண்டுத் தளத்தில் சத்தம் கூடி, புதிதாகப் போட்ட தாரில் அமைதியாகிவிட்டால், உங்கள் எதிரி டயர்தான்.
- எந்தத் தளமாக இருந்தாலும் ஒரே ரீங்காரம், வேகத்தோடு ஏறுகிறதா? நீண்ட வளைவில் இடப்பக்கம் திரும்பும்போது கூடி, வலப்பக்கம் திரும்பும்போது குறைகிறதா? வலப்பக்கச் சக்கர பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். தேய்ந்த பேரிங்கின் மேல் ஷீட் ஒட்டுவது ஆபத்து. அந்தச் சத்தம் எச்சரிக்கை, அதை மூடக்கூடாது.
- விசில் போன்ற சத்தம் 90-க்கு மேல் மட்டும் வருகிறதா? பெயிண்ட் அடிப்பவர்கள் பயன்படுத்தும் காகித டேப்பை வாங்கிக் கதவு இடுக்குகளின் மேல் வெளியிலிருந்து ஒட்டி, அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். விசில் போனால் கதவு ரப்பர். போகவில்லையென்றால் ரப்பருக்குச் செலவழிக்க வேண்டாம்.
- டயரின் மேற்பரப்பை உள்ளங்கையால் முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல்லாகவும் இருந்தால் தேய்மானம் கோணலாகியிருக்கிறது. அதுவே பாதி சத்தம்.

டயர் காற்றையும் பாருங்கள். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவைவிடக் கூடுதலாக அடித்துவிடும் கடைகள் உண்டு. கல்லாக இருக்கும் டயர் ஒவ்வொரு பொடிக்கல்லையும் உள்ளே அனுப்பும். சரியான அளவுக்கு இறக்குவதற்குக் காசு இல்லை.

## எதை வைத்து ஒப்பிடுகிறேன்

பேச்சு கேட்கிறதா. முதல் அளவுகோல் இதுதான். கைத்தொலைபேசிச் செயலி காட்டும் டெசிபெல் எண் ஏமாற்றக்கூடியது. பொதுவாக அது ‘ஏ’ அளவையில் காட்டும். அந்த அளவை அடிவயிற்று உறுமலைக் குறைத்தே கணக்கில் எடுக்கும். நான் வேறு ஒன்றை எண்ணினேன். ரவாங்கிலிருந்து தஞ்சோங் மாலிம் வரை, பின்னாலிருந்து அம்மா சாதாரணக் குரலில் பேசும்போது நான் எத்தனை முறை “என்னம்மா?” என்று கேட்கிறேன் என்று. தொடக்கத்தில் எண்ணவே முடியவில்லை.

கண்ணுக்குத் தெரியாத செலவு. உடையும் கிளிப், மறுபடி பூட்டியபின் வரும் கடகடப்பு, கூடும் எடை, போகும் வார இறுதி.

தண்ணீர். இந்த ஊரில் இதை மறந்து எதையும் ஒட்டக்கூடாது. பிற்பகல் இடிமழை, அடித்தளக் கார் நிறுத்துமிடம், வெள்ளம். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் மூழ்கிக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

திருப்பி எடுக்க முடியுமா, இன்னும் எத்தனை ஆண்டு இந்தக் கார். இரண்டு ஆண்டில் விற்கப்போகும் காருக்குத் தரையைப் பிரிப்பது வீண்.

ஒரு கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பலருடைய ஏமாற்றத்துக்குக் காரணம் இதுதான். ஒரே அளவு சத்தம் இரண்டு வழியாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றை முழுக்க அடைத்துவிட்டாலும் மொத்தம் குறைவது 3 டெசிபெல்தான். காதுக்குப் பாதியாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் குறைய வேண்டும். கதவை மட்டும் செய்தவருக்கு எதுவும் தெரியாமல் போவது அவர் வேலை மோசம் என்பதால் அல்ல. தரையும் பின் சக்கர வளைவும் டயரும் அப்படியே திறந்து கிடப்பதால். பெரிய ஓட்டையை முதலில் அடைக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

விலையெல்லாம் நான் கொடுத்தது அல்லது எனக்குச் சொல்லப்பட்டது. உங்கள் காருக்கும் கடைக்கும் ஏற்ப மாறும்.

| வழி | எந்தச் சத்தத்துக்கு | செலவு (வெள்ளி) | நேரம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| டயர் மாற்றம் | உறுமல், இரைச்சல் இரண்டும் | 1,040 (நான்கு, அலைன்மெண்டுடன்) | 1 மணி | மென்மையான ரப்பர் சீக்கிரம் தேயலாம் |
| கதவு ரப்பர் | காற்று விசில் | 60 | அரை நாள் | கதவு இறுகும், பசை விடும் |
| கதவுக்குப் பியூட்டைல் | தகட்டின் அதிர்வு, ஸ்பீக்கர் | 180 | 1 நாள் | கிளிப், மழைநீர்த் தடுப்பு |
| பூட், சக்கர வளைவு, தரை | உறுமல், இரைச்சல் | 620 | 2 வார இறுதி | எடை, வெள்ளம், ஏர்பேக் இணைப்பு |
| கூரை | மழைச் சத்தம் | செய்யவில்லை | – | மடிந்த கூரைத் துணி |
| கடையில் கொடுப்பது | கேட்பதைப் பொறுத்து | 2,400 (கதவு, பூட், தரை) | 1–2 நாள் | உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது |

## டயர்

முதலில் நான் கேள்வி கேட்டது ஒரு டயர் கடை அண்ணனிடம். கையில் ஷீட் பட்டியலோடு போனேன். அவர் என் டயரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது கல்லு. இதுக்கு மேல என்ன ஒட்டினாலும் கல்லு சத்தம்தான் வரும்” என்றார். டயர் பக்கத்தில் இருக்கும் கடைசி நான்கு இலக்கத்தைக் காட்டினார். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 1518 என்றால் 2018-இன் 15-ஆவது வாரம். காரோடு வந்த டயரையே நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். கோடு இன்னும் ஆழமாக இருந்தது. அதனால்தான் மாற்றத் தோன்றவில்லை. ஆனால் ரப்பர் வயதாகும்போது இறுகும், இறுகும்போது கத்தும்.

சொகுசு வகை என்று விற்கும் டயர்களில் கோடுகளின் இடைவெளியை ஒரே அளவில் வைக்காமல் மாற்றி மாற்றி அமைப்பார்கள். கோடுகளுக்கு நடுவில் இருக்கும் ரப்பர்க் கட்டைகள் எல்லாம் ஒரே தாளத்தில் அடித்தால் ஒரே சுரத்தில் ரீங்காரம் எழும். தாளம் கலைந்தால் அது சிதறிவிடும். என் மைவியின் அளவு 185/55, 15 அங்குலம். அதே அளவில் சொகுசு வகை நான்கு போட்டேன். ‘என்னம்மா’க்கள் பாதியாகக் குறைந்தன. நான் செய்த வேலைகளில் ஒரே மணி நேரத்தில், ஒரு கிளிப்பும் உடையாமல் கிடைத்த பலன் இது ஒன்றுதான்.

வாங்கும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஐரோப்பிய லேபிளில் சத்த அளவு என்று ஒரு டெசிபெல் எண் இருக்கும். அது சாலையோரம் 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து, கார் உருண்டு போகும்போது அளந்தது. வெளியே நிற்பவர் காதுக்கான எண். உள்ளே உட்காருபவருக்கான உறுதிமொழி அல்ல. அடுத்தது, ஈரச் சாலைப் பிடிப்பை விட்டுக்கொடுத்து அமைதியை வாங்காதீர்கள். கூட்டரசு நெடுஞ்சாலையில் நான்கு மணி மழையில் பிரேக் மிதித்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். உள்ளே நுரை ஒட்டிய டயர்கள் டயருக்குள் இருக்கும் காற்று அதிர்ந்து 200 ஹெர்ட்ஸ் பக்கம் எழுப்பும் சத்தத்தைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் அவை பெரும்பாலும் பெரிய ரிம் அளவுகளுக்கே வருகின்றன. பஞ்சர் ஒட்டுவதும் எளிதல்ல.

அகல ரிம் போட்டு மெல்லிய டயர் மாட்டியிருப்பவர்கள் எதுவும் ஒட்டுவதற்கு முன் பழைய அளவுக்குத் திரும்புவதைப் பற்றி யோசியுங்கள். தோற்றம் குறையும். சத்தமும் குறையும்.

டயர் ஐந்து ஆண்டைத் தாண்டிவிட்டதா, கோடு 1.6 மில்லிமீட்டர் சட்ட வரம்பை நெருங்குகிறதா? அப்படியானால் வேறு யோசனையே வேண்டாம், இதுதான் முதல் வேலை. போன மாதம்தான் டயர் மாற்றினீர்கள் என்றால் அடுத்த பகுதிகளுக்குப் போகலாம்.

## கதவு ரப்பர்

மலிவு, எளிது, அதனால் எல்லாரும் முதலில் செய்வது. டேப் சோதனையில் விசில் நின்றவர்களுக்கு மட்டும் பலன் தரும். டயர் உறுமலுக்கு இதனால் எதுவும் ஆகாது.

ஒரு வெள்ளி நோட்டைக் கதவு இடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எங்கே சுலபமாக வழுக்கிக்கொண்டு வருகிறதோ அங்கே மட்டும் ரப்பர் போடுங்கள். கதவு முழுக்கச் சுற்றித் தடித்த ரப்பரை ஒட்டினால் அடித்துச் சாத்த வேண்டியிருக்கும். வயதானவர்களால் மூட முடியாது. அம்மா இரண்டு முறை அரைகுறையாக மூடிய கதவோடு கிளம்பியபின் பின்கதவு ரப்பரைப் பிடுங்கிவிட்டேன். ஒட்டும் இடத்தை ஆல்கஹாலால் துடைக்காவிட்டால் நம் வெயிலில் மூன்று மாதத்தில் பசை விட்டுத் தொங்கும். பழைய ரப்பர் காய்ந்திருந்தால் கழுவி, சிலிகோன் கிரீஸ் பூசுவதே சில நேரம் போதும்.

## கதவுக்குள் பியூட்டைல்

இதில்தான் அதிகப் பணமும் அதிக நம்பிக்கையும் வீணாகின்றன. ஆகவே ஷீட் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அலுமினியத் தாள் ஒட்டிய 2 மில்லிமீட்டர் பியூட்டைல் ஷீட் சத்தத்தைத் ‘தடுப்பதில்லை’. தகடு ஆடும்போது, தகட்டுக்கும் அலுமினியத் தாளுக்கும் நடுவில் பிசுபிசுப்பான ரப்பர் நசுங்கி, அந்த ஆட்டத்தைச் சூடாக மாற்றிக் கரைத்துவிடுகிறது. ஒட்டுவதற்கு முன் கதவை முட்டியால் தட்டினால் “டங்” என்று ஒலிக்கும், ஒட்டியபின் “தொப்”. இதற்குத் தகட்டின் நடுவில் 25 முதல் 30 சதவீதப் பரப்பை மூடினால் போதும். மீதியையும் மூடினால் கூடுதல் எடை மட்டுமே மிச்சம். ஒரு சதுர மீட்டர் ஷீட் 3 முதல் 4 கிலோ இருக்கும். நான்கு கதவுக்கும் சேர்த்து ஒன்றரைச் சதுர மீட்டர் எனக்குத் தாராளமாக இருந்தது. “இரண்டு அடுக்கு, நூறு சதவீதம்” என்று விற்பவர் ஷீட் விற்கிறார்.

கூரை ஒழுக்கு அடைக்கும் தார் டேப் இதேபோல் பளபளப்பாக, மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும். வாங்காதீர்கள். வெயிலில் நிறுத்திய காரின் தகடு 60 டிகிரியைத் தாண்டும். தார் இளகி வழியும், வாடை காருக்குள்ளேயே சுற்றும், கதவுக்கடியில் உருகி நீர்த் துளையை அடைக்கும்.

அந்த நீர்த் துளைதான் இந்த வேலையின் உயிர். ஜன்னல் கண்ணாடி வழியாக மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அடியில் இருக்கும் துளைகள் வழியே வெளியேறும். அவற்றின் மேல் ஷீட் விழுந்தால் கதவு தண்ணீர்த் தொட்டி, இரண்டு மழைக்காலத்தில் துரு. அதேபோல் உள்பலகைக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் திரையைக் கிழித்துவிட்டுப் பூட்டினால் தண்ணீர் காலடிக்கு வரும். அதன் ஓரப் பசையை மெதுவாக அறுத்துப் பிரித்து, புதிய பியூட்டைல் கயிறு வைத்து மறுபடி ஒட்டுங்கள்.

கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அலுமினிய ஓரம் பிளேடு போல் வெட்டும். ரோலரால் அழுத்தி மேல் அச்சுக் கோலம் தட்டையாகும்வரை உருட்டுங்கள். உள்பலகையைப் பூட்டுவதற்கு முன் கண்ணாடியை முழுக்க ஏற்றி இறக்கிப் பாருங்கள். உடைந்த கிளிப்புக்கு மாற்றாகப் பத்துப் பதினைந்து முன்கூட்டியே வாங்கி வையுங்கள், பழைய கிளிப் கண்டிப்பாக உடையும். சில கார்களில் பக்க ஏர்பேக்குக்கான அழுத்த உணரி கதவுக்குள் இருக்கும். அப்படி இருந்தால் கதவின் ஓட்டைகளை நீங்களாக மூடாதீர்கள்.

பலன்? கதவு மூடும் சத்தம் பெரிய கார் போல் ஆகிவிட்டது. பாட்டு கேட்கும்போது ஸ்பீக்கரின் கீழ்ச்சுரம் தெளிவாக வருகிறது. பக்கத்தில் போகும் மோட்டார் சைக்கிள் கொஞ்சம் தள்ளிப் போனது போல் இருக்கிறது. ஆனால் நெடுஞ்சாலை உறுமல் அப்படியே இருந்தது. அம்மாவின் குரல் அன்றும் முழுதாக எட்டவில்லை.

பாட்டுக்காகச் செய்பவர்களுக்கும், நகருக்குள் நெரிசலிலேயே அதிக நேரம் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இது நல்ல வேலை. நீண்ட பயணத்துக்காகச் செய்பவர்கள் இதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

## பூட், பின் சக்கர வளைவு, தரை

மைவி, ஆக்சியா போன்ற கார்களில் பூட்டுக்கும் பயணிகள் அறைக்கும் நடுவே சுவர் கிடையாது. பின் சக்கர வளைவு நேராகக் காருக்குள்ளேயே புடைத்து நிற்கிறது. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் உறை மட்டும். பின் சீட்டில் இருப்பவரின் காது அந்த வளைவுக்குப் பக்கத்தில். பெஸா, சாகா போன்ற கார்களுக்குச் சீட்டுக்குப் பின்னால் ஓர் அடைப்பு இருப்பதால் பூட்டிலிருந்து வரும் பங்கு குறைவு; அவர்கள் தரையிலிருந்து தொடங்கலாம். மற்றவர்கள் பூட்டிலிருந்து.

இங்கே மூன்று அடுக்கு வேண்டும், மூன்றுக்கும் வேறு வேறு வேலை. முதலில் பியூட்டைல், அங்கங்கே, கால்வாசிப் பரப்பில். அதன்மேல் 3 முதல் 5 மில்லிமீட்டர் மூடிய துளை நுரை ஷீட். இது மேலடுக்கைத் தகட்டிலிருந்து பிரித்து வைக்கிறது. மூன்றாவது கன வினைல்: சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள தளர்ந்த ரப்பர் பாய் போன்றது. காற்றுவழி இரைச்சலை உண்மையில் தடுப்பது இதுதான், தன் எடையால். பியூட்டைலுக்குக் கால்வாசி போதும் என்றேன்; வினைலுக்கு அது நேர்மாறு. பரப்பில் ஒரு சதவீதம் ஓட்டை விட்டாலும் தடுப்பு 20 டெசிபெல்லுக்கு மேல் ஏறாது. விளிம்புகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி டேப்பால் மூட வேண்டும்.

முதல் வார இறுதியில் பூட், உதிரி டயர்க் குழி, சக்கர வளைவுகள். வளைவுக்கு வினைலை வெட்டிப் பொருத்துவதுதான் பொறுமையைக் கேட்கும்; பழைய நாளிதழை வைத்து அச்சு வெட்டிக்கொண்டு பிறகு வினைலை வெட்டுங்கள். இரண்டாம் வார இறுதியில் சீட்டையும் கம்பளத்தையும் எடுத்துத் தரை.

தரைக்குப் போகும்போது பாதுகாப்பு சார்ந்த விஷயங்கள் வருகின்றன. முன் சீட்டுக்கடியில் மஞ்சள் நிற இணைப்பு இருந்தால் அது ஏர்பேக் அல்லது சீட் பெல்ட் கம்பி. பேட்டரியின் எதிர்மின் முனையைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருந்த பிறகே அதைத் தொட வேண்டும். எல்லாவற்றையும் மாட்டி முடிக்கும்வரை பேட்டரியை இணைக்கக் கூடாது. சீட் போல்ட், பெல்ட் போல்ட் இரண்டையும் கை உணர்வில் முடுக்காமல், முடுக்கும் விசையை அளக்கும் டார்க் ஸ்பேனரில், கார் கையேட்டு அளவில் முடுக்குங்கள். இதில் தயக்கம் இருந்தால் பூட்டோடு நிறுத்திக்கொள்வதே சரி. பலனில் பெரும்பகுதி ஏற்கெனவே கையில் வந்துவிட்டிருக்கும். பல கார்களில் பின் சீட்டுக்கடியில் பெட்ரோல் பம்ப் மூடி இருக்கும். அதன்மேல் நிரந்தரமாக ஒட்டிவிட்டால் நாளை மெக்கானிக் அறுத்துத்தான் எடுப்பார். தரையில் இருக்கும் ரப்பர் அடைப்பான்களையும் மூடாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். கம்பளத்தைத் தூக்கியதும் கீழே கையை வைத்துப் பாருங்கள். ஏர்கோன் நீர்க்குழாய் அடைத்திருந்தால் முன்பக்கம் ஈரமாக இருக்கும். அதைச் சரிசெய்யாமல் மேலே எதுவும் போடக்கூடாது. பஞ்சு போன்ற திறந்த துளை நுரையைத் தரையில் போடவே வேண்டாம், குடித்த தண்ணீரை அது விடாது. வெள்ளம் வரும் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீடு இருப்பவர்களுக்கு என் ஆலோசனை: தரையில் பியூட்டைல் மட்டும். நுரையையும் வினைலையும் ஒட்டாமல், கம்பளத்துக்கடியில் எடுக்கக்கூடிய பாய்களாக விரியுங்கள். ஒருநாள் தண்ணீர் ஏறினால் வெளியே இழுத்து வெயிலில் போடலாம். ஒட்டிவிட்டால் அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்பது துரு வெளியே வந்த பிறகே தெரியும்.

எடைக் கணக்கு: தரைக்கும் பூட்டுக்குமாக எனக்குச் சுமார் நான்கு சதுர மீட்டர் வினைல் போனது, 20 கிலோ. பியூட்டைல் இன்னொரு 4, 5 கிலோ. ஆயிரம் கிலோ காரில் பள்ளிப் பையன் ஒருவன் எப்போதும் உட்கார்ந்திருப்பது போல. மலை ஏறும்போது லேசாகத் தெரிகிறது, பெட்ரோல் செலவில் நான் உணரவில்லை.

பூட் முடிந்த மறுவாரமே வித்தியாசம் தெரிந்தது. தரையும் முடிந்தபின் ரவாங்குக்கும் தஞ்சோங் மாலிமுக்கும் நடுவில் “என்னம்மா?” ஒன்றோ இரண்டோதான். தாப்பா ஓய்விடத்தில் நிறுத்தியபோது அம்மா கருவியைக் காதிலேயே வைத்திருந்தார்.

பேச்சுக்காகவும் நீண்ட பயணத்துக்காகவும் செய்பவர்கள், இன்னும் ஐந்து ஆண்டாவது இதே காரை வைத்திருக்கப்போகிறவர்கள், டயருக்கு அடுத்து இதைச் செய்யுங்கள்.

## கூரை

மழை மேளம் அடிப்பதை நிறுத்த பியூட்டைல் மிக நன்றாக வேலை செய்யும்; மழைத்துளி தகட்டை நேரடியாக அடிப்பதுதானே அது. ஆனால் கூரைத் துணிப்பலகையை மடிக்காமல் பூட் வழியாக வெளியே எடுப்பது இருவர் வேலை, ஒரு மடிப்பு விழுந்தால் நிரந்தரத் தழும்பு. திரை ஏர்பேக் உள்ள காரில் அது கூரை ஓரத்திலேயே மடிந்து கிடக்கிறது. வீட்டில் செய்ய நான் சொல்ல மாட்டேன்.

## கடையில் கொடுப்பது

எனக்குச் சொன்ன 2,400 வெள்ளி அநியாய விலை அல்ல. இரண்டு பேர் இரண்டு நாள் உழைப்பு, கருவி, அனுபவம் எல்லாம் அதில் இருக்கிறது. முதுகுவலி உள்ளவர்கள், அடுக்குமாடியில் கார் பிரிக்க இடமில்லாதவர்கள், உறுதியாக ஏர்பேக் கம்பியைத் தொட விரும்பாதவர்கள் தயங்காமல் கொடுக்கலாம். உத்தரவாதக் காலத்தில் இருக்கும் காருக்கு யார் செய்தாலும் ஒரு கேள்வி உண்டு. பெரோடுவாவும் புரோட்டோனும் பல மாடல்களுக்கு 5 ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர் தருகின்றன. பிரித்த இடத்தில் பின்னால் மின்கோளாறு வந்தால் வாக்குவாதம் வரும். முதலிலேயே சர்வீஸ் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையின் ஆபத்து வேறு: மூடியபின் உள்ளே எதுவும் தெரியாது. என் நண்பர் ஒருவர் ‘முழுத் தரை’க்குக் காசு கொடுத்தார். பிறகு வேறு வேலைக்காகக் கம்பளத்தைத் தூக்கியபோது காலடியில் நான்கு துண்டுகள், சீட்டுக்கடியில் வெறும் தகடு. கொடுப்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்: பியூட்டைலா தாரா, எத்தனை மில்லிமீட்டர்? சீட்டைக் கழற்றுவீர்களா, அல்லது கம்பளத்தைத் தூக்கிக் கீழே தள்ளுவீர்களா? வினைல் அடுக்கு இருக்கிறதா, வெறும் பியூட்டைல் மட்டுமா? கதவின் நீர்த் துளை எங்கே என்று காட்டுவீர்களா? மூடுவதற்கு முன் படம் எடுத்து அனுப்புவீர்களா? கடைசிக் கேள்விக்கு முகம் சுளிப்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

அடிப்பகுதிக்கு ரப்பர் ஸ்பிரே, போனெட்டுக்கடியில் பஞ்சு மெத்தை இரண்டையும் கூடவே விற்பார்கள். முன்னது கல் தெறிக்கும் ஒலியைக் கொஞ்சம் மழுக்கும், பின்னது என்ஜினின் கீச்சொலியை. சாலைச் சத்தத்துக்காக இவை இரண்டிலும் காசு போட வேண்டாம்.

## யாருக்கு எது

கையில் நூறு வெள்ளிக்கு உள்ளே: காற்று அளவு, அலைன்மெண்ட், பேரிங் சோதனை, டேப் சோதனையில் விசில் நின்றால் கதவு ரப்பர்.

ஐந்நூறு வரை, டயர் இன்னும் புதிது, பூட் திறந்த கார்: பூட்டும் பின் சக்கர வளைவும், மூன்று அடுக்கோடு. கதவைத் தொடாதீர்கள்.

ஆயிரம், டயர் பழையது: முழுத் தொகையும் டயருக்கு. ஷீட் அடுத்த போனஸுக்குக் காத்திருக்கட்டும்.

பாட்டு ரசிகர்: முன் இரண்டு கதவு மட்டும். ஒரே ஞாயிற்றுக்கிழமை.

தாமானில் தண்ணீர் ஏறும், அல்லது இரண்டு ஆண்டில் காரை விற்கப்போகிறீர்கள்: டயரோடு நிறுத்துங்கள். தண்ணீர் ஏறும் இடத்தில் தரையையும் செய்தே ஆக வேண்டுமென்றால், மேலே சொன்னபடி பியூட்டைலும் ஒட்டாத பாய்களும் மட்டும்.

இத்தனைக்குப் பிறகும் என் காரில் ஓர் இடத்தில் பேச்சு நின்றுவிடுகிறது. ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கப்பாதைக்குள் நுழைந்ததும், சுவரில் மோதித் திரும்பும் லோரிச் சத்தம் பக்கக் கண்ணாடி வழியாக உள்ளே வருகிறது. மெல்லிய கண்ணாடி அது. மேலே சொன்ன எந்த ஷீட்டும் அதற்கு உதவாது. அம்மா சொல்லிக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்திக் காத்திருப்பார். கோலகங்சார் பக்கம் வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.